இல்லாத ஜீவாவும் எங்கள் கரையும்

கதைமாந்தர் யாவரும் கற்பனையானவர்களே என்பதை நாம் அறிவோம். எனினும் ஒரு கதைக்குள்ளே முழுமையாகப் புகுந்துவிட்ட வாசகனுக்கு அந்த அறிவு பெரிதும் பயன்படுவதில்லை. கதையின் உலகத்திலே அவர்கள் உண்ணுகிறார்கள், உறங்குகிறார்கள், ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள், வஞ்சிக்கிறார்கள். கோவலன் நமக்கு ஒரு காப்பியப் பாத்திரமாக இருக்கலாம். கண்ணகிக்கும் மாதவிக்கும் அவன் காப்பியப் பாத்திரமல்லன். கதை சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் இடையே எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று உண்டு. அதன்படி, கதைக்கு வெளியே இல்லாத ஒருவன் கதைக்கு உள்ளே இருக்கிறான். உலகத்துக் கதைகளிற் பெரும்பாலானவை இந்த உடன்படிக்கையின் மீதே நிற்கின்றன.

இந்த உடன்படிக்கையை ஒரு படி கீழே இறக்கிவிட்ட கதை ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையிற் சொல்ல விரும்புகிறேன். அதன் தலைவன் கதைக்கு வெளியேயும் இல்லை. கதைக்கு உள்ளேயும் இல்லை. தமிழிலே தலைவன் என்ற சொல் காப்பியத்தின் நாயகனையும் குறிக்கும். நாட்டை ஆள்பவனையும் குறிக்கும். நான் குறிப்பிடும் தலைவனுக்கு இரண்டு பொருளும் பொருந்தும். அவன் பெயர் ஜீவா. சுஜாதா என்ற புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் படைத்த ‘என் இனிய இயந்திரா’ என்னும் அறிவியற் கதையின் சர்வாதிகாரி அவன். 1980களிலே ‘ஆனந்த விகட’னிற் தொடராக வெளிவந்து, பின்னர் தூரதர்ஷனிலே தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பான கதை அது.

கதையைச் சுருக்கமாகக் கூறலாம். வருங்கால இந்தியா ஒன்றை ஜீவா ஆள்கிறான். அங்கே குடிமக்களுக்குப் பெயர்கூட அளந்தே வழங்கப்படுகிறது. நிலா, சிபி, ரவி, மனோ என எல்லாப் பெயர்களும் இரண்டெழுத்துப் பெயர்கள். பிள்ளை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். நிலா என்ற இளம் பெண்ணுக்கு அவ்வனுமதி கிடைத்து, மகிழ்ச்சி நிரம்ப வேண்டிய வேளையிலே அவளுடைய கணவன் சிபி காணாமற் போகிறான். அவனைத் தேடிப் புறப்படும் அவள், ரவி என்பவனோடும் அவனுடைய ஜீனோ என்ற இயந்திர நாயோடும் சேர்ந்து, ஜீவாவைக் கவிழ்க்கும் முயற்சிக்குள் இழுக்கப்படுகிறாள். இறுதியில் வெளிப்படும் உண்மை யாதெனில், ஜீவா என்று ஒருவன் இல்லவே இல்லை என்பதுதான். நாடெங்கும் வணங்கப்பட்ட, அஞ்சப்பட்ட அந்தத் தலைவன் ஒளிக்கற்றைகளால் அந்தரத்திலே வரையப்பட்ட முப்பரிமாண உருவம், ஹோலோகிராம். அவனைக் கவிழ்ப்பதாகச் சொன்ன ரவியும் மனோவுமே அதிகாரத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு, இம்முறை உயிருள்ள ஒரு பெண்ணை, நிலாவையே, அரியணையில் அமர்த்துகின்றனர். அதன் பின்கதையை ‘மீண்டும் ஜீனோ’வில் வாசிக்கலாம்.

ரங்கராஜன் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலே பொறியியலாளராகப் பணியாற்றியவர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலே பங்குகொண்டவர். மக்கள் தம் தலைவரைத் தெரிவு செய்வதற்கான இயந்திரத்தில் உழைத்த அதே மனிதர், தலைவனையே இயந்திரத்தால் உண்டாக்கும் நாடொன்றையும் எண்ணிப் பார்த்திருக்கிறார். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போதுதான் ஜீவா வெறும் கதைத் திருப்பமன்று என்பது புலப்படுகிறது.

கதைக்குள்ளே கதையாக வாழும் மாந்தர் உலக இலக்கியத்துக்குப் புதியவர்களல்லர். உத்தரகாண்டத்திலே இலவனும் குசனும் இராமனின் கதையை இராமன் முன்னிலையிலேயே பாடுகின்றனர். செர்வாண்டிசின் டொன் குவிக்சோட் 1605இல் வெளிவந்தது; 1615இல் வெளிவந்த இரண்டாம் பாகத்திலே, முதற் பாகத்தை வாசித்தவர்களை நாயகன் நேரிலே சந்திக்கிறான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையைச் சேர்ந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் 1998ஆம் ஆண்டு அத்தியாயமொன்று, விண்வெளி நிலையத்தின் தளபதியான சிஸ்கோவை, 1950களின் நியூயோர்க்கிலே ஒரு கறுப்பின எழுத்தாளன் தன் மேசையிலிருந்து எழுதும் பாத்திரமாகக் காட்டியது. இன்னொரு தொடரான ‘கொம்யூனிட்டி’யிலே 2011இல் ‘இன்ஸ்பெக்டர் ஸ்பேஸ்டைம்’ என்றொரு வீரன் தோன்றினான். அத்தொடரின் மாந்தர் தம் வீட்டுத் தொலைக்காட்சியிலே பார்த்து மகிழும் அறிவியற் கதைத் தலைவன் அவன். அவர்களுக்கும் அவன் கற்பனை. நமக்கோ கற்பனைக்குள் கற்பனை.

இவையெல்லாம் விளையாட்டின் பாற்பட்டவை. அல்லது கலையைப் பற்றிய சிந்தனையின் பாற்பட்டவை. இன்ஸ்பெக்டர் ஸ்பேஸ்டைம் கற்பனை என்பது அவனைப் பார்ப்போருக்குத் தெரியும். ஜீவா கற்பனை என்பது அவனுக்கு அஞ்சுவோருக்குத் தெரியாது. இந்த வேறுபாடே முக்கியமானது. ஜீவாவின் உண்மையான உறவினனை ரஷ்ய இலக்கியத்திலேதான் காண்கிறோம். யூரி தின்யானொவ் 1928இல் எழுதிய ‘லெப்டினன்ற் கிஷே’ என்ற கதையிலே, எழுதுவினைஞன் ஒருவனின் கைத்தவறால் இல்லாத ஓர் இராணுவ அதிகாரியின் பெயர் ஏட்டிலே பிறந்துவிடுகிறது. சக்கரவர்த்தியின் முன் பிழையை ஒப்புக்கொள்ள எவருக்கும் துணிவில்லை. ஆகவே அந்தப் பெயர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்படுகிறது; திரும்ப அழைக்கப்படுகிறது; மணம் செய்கிறது; பதவி உயர்வு பெறுகிறது; ஈற்றில் இறந்தும் போகிறது. அதே கதையிலே இன்னொரு மனிதன் இருக்கிறான். உயிரோடு நடமாடும் அவனை ஏடு இறந்தவனாகப் பதிந்துவிடுகிறது. அவன் எங்கே போய் நின்றாலும் அவனை எவரும் காண்பதில்லை. இல்லாதவன் ஒருவன் உண்டாகும்போது, இருப்பவன் ஒருவன் இல்லாமற் போகிறான். ‘என் இனிய இயந்திரா’விலும் இதுவே நிகழ்கிறது. ஜீவா இல்லை, ஆயினும் நாடெங்கும் இருக்கிறான். சிபி இருந்தவன்; அவனைத் தேடி மனைவி அலைகிறாள்.

இந்தக் கதை என் மனத்திலே ஆழப் பதிந்ததற்குக் காரணம் நூலகம் மட்டுமன்று. நான் அதனை முதலிற் கேட்டது அம்மாவின் வாயிலாகவே. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது மன்னாரிலிருந்து படகேறிய பல்லாயிரவருள் என் தாயாரின் குடும்பமும் ஒன்று. மண்டபம் முகாமிலே பதிவு முடிந்து, பின்னர் தமிழகத்தின் உள்ளூர் முகாம் ஒன்றிலே சில ஆண்டுகள் வாழ்ந்தனர். முகாமுக்கு அண்மையிலிருந்த கிராமத்தின் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், மணலில் அமர்ந்து அம்மா இந்தத் தொடரைப் பார்த்திருக்கிறார். எல்லா வாரமும் பார்க்கக் கிடைக்கவில்லை. சில நாட்களில் மின்சாரம் இராது. சில நாட்களில் முகாமை விட்டு வெளியே செல்ல அனுமதி இராது. முடிவு வருமுன்னரே குடும்பம் ஊர் திரும்பிவிட்டது. ஆகவே அம்மாவின் ஜீவா முடிவில்லாத ஜீவா. இயந்திர நாயையும், கணவனைத் தேடிய பெண்ணையும், எங்கும் முகங்காட்டிய அந்தத் தலைவனையும் அவர் எனக்குச் சிறுவயதிலே கதையாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன கதையிலே ஜீவா உண்மையான கொடுங்கோலன்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே நான் நாவலை முழுமையாக வாசித்தேன். விடுமுறையில் வீடு சென்றபோது அடுப்படியிலே அம்மாவிடம் முடிவைச் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப அவன் ஆளே இல்லையோ?”

“இல்லையம்மா. வெறும் வெளிச்சம்.”

“இல்லாத ஒருத்தனுக்கோ அவ்வளவு சனமும் பயந்து கிடந்தது?”

அதன் பின் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. மீனைக் கழுவிச் சட்டியில் இட்ட பின்னர் சொன்னார்: “எங்கட தம்பி இருந்தவன். அவன்ர சேட்டு இப்பவும் பெட்டிக்குள்ள கிடக்கு.”

என் தாய்மாமன் யுத்தத்தின் இறுதிக் காலத்திலே காணாமற் போனவர். அவரைப் பற்றி எங்கள் வீட்டிற் பேசுவது குறைவு. அன்றைக்கு அம்மா ஒரு தொலைக்காட்சித் தொடரின் முடிவைக் கேட்டவுடன் அவரை நினைத்தது எனக்கு முதலில் வியப்பாயிருந்தது. பிறகு யோசித்துப் பார்க்கையில், நான் நாவலிலே வாசித்தறிந்ததை அவர் இரு வாக்கியங்களிலே சொல்லிவிட்டார் என்பதை உணர்ந்தேன்.

ஆண்டுக்கணக்கில் அம்மா நம்பியிருந்த ஜீவா எந்த வகையானவன்? தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். இராமேசுவரத்திலே 323 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் தொலைக்காட்சிக் கோபுரம் 1995இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் அதற்கு முன்னரும் எங்கள் கரையிலே உயரமான கம்பங்களில் அன்ரெனா கட்டித் தூரதர்ஷன் பார்த்த காலத்தைப் பெரியவர்கள் நினைவுகூருவர். மனிதர் உயிரைப் பணயம் வைத்துக் கடந்த கடலை, உருவங்கள் எவ்வித அனுமதிச் சீட்டும் இன்றிக் கடந்து வந்தன. உடல் இல்லாதவற்றுக்குக் கடற்படையும் இல்லை, எல்லையும் இல்லை. ஜீவாவின் வலிமையும் அதுவே. உடல் உள்ள அரசன் ஒரே வேளையில் ஓரிடத்திலே மட்டும் இருக்க முடியும். அவனுக்கு மூப்பு வரும், நோய் வரும், அச்சம் வரும். 2022 யூலை 9ஆந் திகதி கொழும்பிலே மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தனர். சில நாட்களில் ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறினார். சுஜாதா தம் கதைக்கு வைத்த காலமும் 2021, 2022ஐ ஒட்டியதே என்பது தற்செயலான பொருத்தம். உடல் உள்ள ஆட்சியாளரிடம் மக்கள் நடந்து செல்ல ஒரு வாசலாவது இருந்தது. ஜீவாவின் வாசலுக்கு நடந்து சென்றால் அங்கே ஒளி மட்டுமே இருக்கும். அவனை வெல்லவும் முடியாது, விரட்டவும் முடியாது, விசாரிக்கவும் முடியாது.

அரசனாக நடிப்பதைப் பற்றி எங்கள் கரைக்குப் பழைய பழக்கம் உண்டு. மன்னார்ப் பகுதியின் கத்தோலிக்கக் கூத்து மரபு வடபாங்கு, தென்பாங்கு என இரு பாங்காக வளர்ந்தது. விடிய விடிய ஆடும் நாடகங்களோடு, அவற்றைச் சுருக்கி ஆடும் வாசகப்பாவும் அங்கே உண்டு. மன்னார் நாடகங்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணியை இச்சஞ்சிகையின் வாசகர் நன்கறிவர். ‘என்றீக்கு எம்பரதோர்’ அவற்றுள் ஒன்று. அந்நிய நாட்டுச் சக்கரவர்த்தி ஒருவன் மன்னார்க் களரியிலே தமிழ் விருத்தத்திலும் தருவிலும் தன் வரவைத் தானே பாடிக்கொண்டு வருவான். பார்த்திருக்கும் சனம் அவனுக்காக அழும். ஆனால் முடியின் கீழே இருப்பவர் இன்னார், அவருடைய படகு எந்தத் துறையிலே கட்டியிருக்கிறது, அண்ணாவியார் அவரை எத்தனை நாள் பழக்கினார் என்பதெல்லாம் சனத்துக்குத் தெரியும். மங்களம் பாடி விடிந்ததும் எம்பரதோர் வலை தெரிந்தெடுக்கப் போவார். கூத்தின் அரசனும் கற்பனையே. எனினும் அந்தக் கற்பனைக்குப் பின்னால் வியர்வை வழியும் ஓர் உடல் நிற்கிறது. பிழை விட்டால் அண்ணாவியார் ஏசுவார். கடன் வாங்கியிருந்தால் காலையிற் கேட்கலாம். ஜீவாவுக்குப் பின்னால் அப்படி ஒருவரும் முகங்காட்டுவதில்லை. அவனைக் கூத்தாடிய கைகள் திரைக்குப் பின்னாலேயே இருந்துவிட்டன.

கற்பனையான ஒருவர் உண்மையான நிலத்தை ஆளலாம் என்பதற்கும் எங்கள் கரையிலே சான்று உண்டு. மன்னார் நகருக்குத் தெற்கே அரிப்பிலே, கடலை நோக்கிய உயர்ந்த மண்மேட்டின் விளிம்பில், இடிந்து நிற்கும் கட்டடம் ஒன்றைக் காணலாம். பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையே கட்டுவித்த மாளிகை அது. கிரேக்கப் பாணித் தூண்களைக் கொண்டிருந்தமையால் ஆங்கிலேயர் அதனை ‘டொரிக்’ என்றனர். எங்கள் மக்களோ அதனை ‘அல்லிராணிக் கோட்டை’ என்றே அழைப்பர்.

அல்லிராணி யார்? நாட்டார் கதைப்பாடலான ‘அல்லி அரசாணி மாலை’யின் நாயகி; மதுரையை ஆண்ட பெண்ணரசி; அருச்சுனன் தந்திரத்தால் மணந்துகொண்டவள். வியாசரின் பாரதத்திலே அல்லி என்ற பெயர் இல்லை. பாண்டிய நாட்டோடு இணைத்துப் பேசப்படும் சித்திராங்கதையின் சாயலிலே தமிழ் நாட்டார் மனம் அவளை உருவாக்கியது என்பர். அப்படிப்பட்டவளை எங்கள் கரையின் கதைகள் குதிரைமலை முனையிலே குடியேற்றி, முத்துச் சலாபத்துக்கு அரசியாக்கின. குதிரைமலை வரலாற்றிலே தனக்கெனப் பெயர் பெற்ற இடமே. பிளினி குறிப்பிடும் ஹிப்புரோஸ் என்னும் துறைமுகத்தை அறிஞர் பலர் அதனோடு பொருத்திக் காட்டியுள்ளனர். அங்கிருந்த கற்பனை அரசியை மக்கள் அரிப்புவரை அழைத்துவந்து, தேசாதிபதியின் மாளிகையை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். சம்பளப் பட்டியலும் கடிதப் போக்குவரத்தும் ஆவணக்காப்பகச் சான்றும் நோர்த் பக்கமே இருக்கின்றன. ஆனால் அரிப்பிலே வழி கேட்கும் ஒருவர் நோர்த்தின் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் விழிப்பர். அல்லியின் பெயரைச் சொன்னால் கை நீட்டிக் காட்டுவர்.

அல்லியும் ஒரு வகையில் தன் உலகத்துக்குள்ளேயே கற்பனையானவள். பாரதத்தின் உலகத்திலே பாரதம் அறியாத பெண் அவள். ஆயினும் அவளையும் ஜீவாவையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. அல்லியின் பெயரால் எவரும் வரி வாங்கவில்லை. எவரையும் பிடித்துச் செல்லவில்லை. தம் கையை நம்பிச் சிப்பி குளித்த மக்கள், முத்தின் விலையை எங்கோ இருந்த அரசுகள் நிர்ணயித்த காலத்திலே, இந்தக் கடலுக்கு எங்கள் பெண்ணொருத்தி அரசியாக இருந்தாள் என்று சொல்லிக்கொண்டனர். அதிகாரம் உடையோர் செய்த கற்பனை ஜீவா. அதிகாரம் அற்றோர் செய்த கற்பனை அல்லி. முன்னையது தன்னைச் செய்தவரை மறைக்கிறது. பின்னையதை யார் செய்தார் என்று கேட்டால், நாங்கள்தான் என்று ஊரே சொல்லும்.

அரிப்பிலேயே இதற்கு நேர்மாறான பயணம் ஒன்றும் நிகழ்ந்தது. கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்தது அரிப்பின் ஒல்லாந்தக் கோட்டைக்கே. 1681இல் இலண்டனிலே அவர் வெளியிட்ட நூலை டானியல் டீபோ படித்திருந்தார். 1720இல் வெளிவந்த தமது ‘கப்டன் சிங்கிள்ரன்’ நாவலிலே நொக்ஸின் வரலாற்றைச் சுருக்கி நுழைத்தும் விட்டார். ரொபின்சன் குரூசோவுக்கும் நொக்ஸ் ஒரு தூண்டுதல் என்று கருதுவோர் உளர். அரிப்பு மணலிலே உண்மையாகக் காலடி வைத்த மனிதன் கதைக்குள்ளே போய்ச் சேர்ந்தான். கதையிலே பிறந்த பெண்ணரசி அரிப்பிலே கோட்டை பெற்றாள். ஒரு மைல் தூரத்துக்குள்ளே இரண்டு திசையிலும் போக்குவரத்து நடந்த கரை எங்களுடையது. ஆகவே கற்பனைக்கும் உண்மைக்கும் இடையே எல்லைக்கோடு உறுதியானது என்று நான் வாதிட வரவில்லை.

ஆயினும் மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதனைப் பேசாமல் மன்னாரைப் பற்றிய எக்கட்டுரையும் இன்று நிறைவுறாது. 2013 டிசெம்பரிலே திருக்கேதீச்சரத்துக்கு அண்மையில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 80க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் பின்னர் எடுக்கப்பட்டன. 2018இல் மன்னார் நகரிலே சதொச கட்டடம் அமையவிருந்த நிலத்தைத் தோண்டியபோது மீண்டும் எலும்புகள். அங்கே 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே எடுக்கப்பட்டன. சிறுவரின் எலும்புகளும் அவற்றுள் இருந்தன. அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடமொன்றுக்கு மாதிரிகள் அனுப்பப்பட்டன. அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என 2019இல் முடிவு கூறப்பட்டது. காணாமற் போனோரின் உறவினர் பலருக்கு அம்முடிவு ஆறுதலளிக்கவில்லை. அந்தக் காலக்கணிப்பைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதி கலைப்பீட மாணவனான எனக்கு இல்லை. எந்த நூற்றாண்டினராயினும் அவர்கள் இருந்தவர்கள் என்பது மட்டும் நிச்சயம். எலும்பு பொய் சொல்லாது. பெயரை மட்டும் சொல்லாது.

ஜீவாவுக்குப் பெயர் உண்டு, உடல் இல்லை. குழிகளில் இருந்து எழுந்தவர்களுக்கு உடல் உண்டு, பெயர் இல்லை. என் தாய்மாமனுக்கு இரண்டும் இருந்தன; இப்போது ஒரு சேட்டு இருக்கிறது. காணாமற் போனவருக்கு இறப்புச் சான்றிதழன்றி, அவர் காணப்படவில்லை என்பதையே உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறுவதற்கு 2016இல் சட்டம் இடமளித்தது. அலுவல்களுக்கு அது உதவக்கூடும்; பல குடும்பங்களுக்கு உதவியும் இருக்கிறது. அம்மம்மா இரண்டில் ஒன்றையும் வாங்கவில்லை. இறந்தான் என்று எழுதிக் கையொப்பமிட அவருக்கு மனமில்லை. காணவில்லை என்று எழுதித் தருவதற்கு ஓர் அலுவலகம் எதற்கு, அதனைத்தான் நான் ஒவ்வொரு நாளும் காண்கிறேனே என்பார்.

தின்யானொவின் கதையிலே ஏட்டின் பிழையைச் சக்கரவர்த்தியிடம் சொல்ல எவருக்கும் துணிவில்லை என்று மேலே குறிப்பிட்டேன். அதன் உட்பொருள் இப்போது எனக்கு வேறாகத் தோன்றுகிறது. இல்லாத ஒருவனை வாழவைப்பது அவனைப் படைத்தவனின் கெட்டித்தனம் மட்டுமன்று. அவனுக்கு உடை தைத்தவர்கள், சம்பளம் எழுதியவர்கள், அவன் வீதியிற் போவதாக எண்ணி வணக்கம் செய்தவர்கள் என ஓர் ஊரே அதிலே உழைக்க வேண்டும். ஜீவாவின் நாட்டிலும் அப்படித்தான். ஒளியைப் பாய்ச்சியவர் இருவராக இருக்கலாம். அந்த ஒளிக்கு உயிர் கொடுத்தது தலை குனிந்த கோடிக்கணக்கானவரின் பழக்கம். அவ்வாறே, இருந்த ஒருவனை இல்லாதவனாக்குவதற்கும் ஓர் ஊரின் மௌனம் தேவைப்படுகிறது. இதிலே பிறரை மட்டும் குறை கூறுவது எளிது. 1990 ஒக்டோபரிலே வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் வீடுகளை விட்டுச் சென்றனர். வெறுமையான அந்த வீடுகளைக் கடந்து சென்ற ஊர், அவற்றில் இருந்தவர்களைப் பற்றி எவ்வளவு பேசிற்று என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தத் தலைவனின் பெயரால் ஆணை வந்தாலும், அதனை ஏற்றுக்கொண்ட மௌனம் உள்ளூரிலேயே விளைந்தது.

இனி, இத்தகைய கதைகளை வாசிப்பதனால் யாது பயன் என்று கேட்கலாம். அறிவியற் கதையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் போக்கு எங்கள் பாடநெறிகளில் இன்னும் உண்டு. என் விடை இதுவே. ‘என் இனிய இயந்திரா’விலே இரண்டு செயற்கை உயிர்கள் உள்ளன. ஒன்று ஜீவா, மற்றது ஜீனோ. இரண்டும் மனிதர் செய்தவையே. ஆனால் ஜீனோ வாசிக்கிறது, ஐயப்படுகிறது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது, தவறென்று கண்டால் தன் எசமானனையே எதிர்க்கிறது. ஜீவா பேசுவான், பதில் சொல்லமாட்டான். ஒருவர் உண்மையானவரா, கற்பனையானவரா என்பதைவிட, கேட்டாற் பதில் சொல்லக் கூடியவரா என்பதே முதன்மையான வினா என்பதைச் சுஜாதா ஓர் இயந்திர நாயைக் கொண்டு காட்டியிருக்கிறார். கணினியாற் செய்யப்பட்ட முகமும் குரலும் எவர் பெயரிலும் பேசக்கூடிய இன்றைய நிலையிலே, அந்த வினா அவர் எழுதிய காலத்தைவிட அவசரமாகியுள்ளது.

மன்னார் வீதியோரங்களிலும் வடக்கின் பிற நகரங்களிலும் தாய்மார் படங்களை ஏந்தி நின்றது இந்த வினாவுக்காகவே. அவர்கள் கேட்டது சிக்கலானதன்று: என் பிள்ளை எங்கே? அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கும் பீடத்திலே உடலோடு ஒருவர் இருக்கிறாரா, ஒளி மட்டும் இருக்கிறதா என்பதைப் பதில்தான் காட்டும். பதில் வராத ஒவ்வொரு நாளும் அந்தப் பீடம் ஜீவாவின் பீடத்தை ஒத்துப்போகிறது.

கடல் ஆண்டுதோறும் அரிப்பின் மேட்டை அரித்து வருகிறது. நோர்த்தின் தூண்களும் சுவர்களும் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருக்கின்றன. கட்டடம் முழுவதும் போனாலும் அல்லிராணிக் கோட்டை என்ற பெயர் அந்த இடத்துக்கு இருக்கும் என்றே நம்புகிறேன். பெயர்களைக் காக்கும் ஆற்றல் எங்கள் மக்களுக்கு உண்டு. ஒருபோதும் பிறவாத அரசி ஒருத்தியின் பெயரை நூற்றாண்டுக் கணக்கிற் காத்துவந்த கரை, பிறந்து வளர்ந்து சேட்டொன்றை விட்டுச் சென்ற மனிதரின் பெயர்களையும் காக்க வல்லது. அதற்குரிய ஏட்டை எழுதும் பொறுப்பு இனி எங்கள் தலைமுறையைச் சார்ந்தது.